மண்ணும் நீரும் – வாசகர் கேள்விகள்: எந்தப் போர் தண்ணீர் நிலத்துக்கு நல்லது?

திருச்சி மாவட்டம் மணிகண்டம் பக்கமிருந்து ஒரு வாசகர், தன் இரண்டு போர்களின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்று ஏக்கர் நிலம், மார்கழிப் பட்டத்தில் கடலை. வீட்டடிப் போரில்தான் இத்தனை நாளும் பாய்ச்சல். போன பட்டத்தில் கடலையின் கொழுந்து மஞ்சளாகி, மகசூலும் இறங்கிவிட்டது. மேட்டில் போட்ட இரண்டாவது போரில் நல்ல தண்ணீர் இருக்கிறது. வாடகை மோட்டார் வைத்து ஓட்டிப் பார்த்ததில் சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அறிக்கையிலும் மேட்டுப் போரில் எல்லா எண்ணும் குறைவாகவே இருக்கிறது. அதனால் நகையை அடகு வைத்து, அந்தப் போருக்கு நீர்மூழ்கி மோட்டாரும் 600 அடிக்குக் குழாயும் வாங்கிவிடலாம் என்று இருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகள் மட்டும், "அப்பா, மில்லிகிராமை வைத்து அப்படி ஒப்பிடக் கூடாது, மோலாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்" என்று தடுக்கிறாளாம். பள்ளிக்கூடப் பாடம் வயலுக்கு ஆகுமா என்பது அவர் கேள்வி.

மகள் சொல்வது சரி. மோட்டாருக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அறிக்கைகளில் உள்ளது இது. வீட்டடிப் போர்: ஒரு லிட்டர் தண்ணீரில் பைகார்பனேட் 549 மில்லிகிராம், கால்சியம் 60, மெக்னீசியம் 42.5. மின் கடத்துதிறன் 1.2. மேட்டுப் போர்: பைகார்பனேட் 519 மில்லிகிராம், கால்சியம் 30, மெக்னீசியம் 12. மின் கடத்துதிறன் 1.1. இரண்டிலும் கார்பனேட் இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் யாருக்கும் மேட்டுப் போர்தான் நல்லதாகத் தெரியும். பைகார்பனேட் 30 மில்லிகிராம் குறைவு, "சுண்ணாம்பு" என்று ஊரில் சொல்லும் கால்சியம் பாதிதான், மொத்த உப்பும் கொஞ்சம் குறைவு. ஆனால் நிலத்துக்கு எது கெடுதல் என்பதை இந்த எண்கள் நேராகச் சொல்லாது. வெவ்வேறு பொருள்களின் எடையைப் பக்கத்தில் வைத்துக் கழிப்பது, நெல்லையும் எள்ளையும் படியில் அளந்து எதில் மணி அதிகம் என்று சொல்வது போல.

விதைக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. சன்ன ரக நெல்லில் ஆயிரம் மணி எடை 15 கிராம் என்றால், மோட்டா ரகத்தில் 25 கிராம் வரும். ஒரு கிலோ சன்ன நெல்லில் ஏறக்குறைய 66,600 மணிகள். ஒரு கிலோ மோட்டா நெல்லில் 40,000 மணிகள்தான். முளைத்து வருவது மணி, கிலோ முளைப்பதில்லை. ஆகவே இரண்டு ரகத்திலும் ஒரே எண்ணிக்கைப் பயிர் வேண்டுமென்றால் மோட்டா விதையைக் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கிறது. யாரும் உட்கார்ந்து மணி எண்ணுவதில்லை. எடையை ஆயிரம் மணி எடையால் வகுத்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

வேதியியலில் மோல் என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அணுவும் மூலக்கூறும் மிகமிகச் சிறியவை என்பதால் ஆயிரம் என்ற கணக்கு அங்கே போதாது. 602214076 என்று எழுதி அதன் பின்னால் 15 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணிக்கையை ஒரு மோல் என்று வைத்திருக்கிறார்கள். 2019 முதல் உலகம் முழுவதும் இதுதான் நிலையான அளவு. இந்த எண்ணை விவசாயி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அத்தனை எண்ணிக்கைக்கு எது எவ்வளவு எடை என்பது தெரிந்தால் போதும். கால்சியம் 40 கிராம், மெக்னீசியம் 24.3 கிராம், பைகார்பனேட் 61 கிராம். இவற்றை அந்தந்தப் பொருளின் "ஆயிரம் மணி எடை" என்று வைத்துக்கொள்ளலாம். எடையை இதால் வகுத்தால் எண்ணிக்கை. கிராமை வகுத்தால் மோல், மில்லிகிராமை வகுத்தால் மில்லிமோல்.

வீட்டடிப் போருக்கு முதலில். பைகார்பனேட் 549ஐ 61ஆல் வகுத்தால் 9. கால்சியம் 60ஐ 40ஆல் வகுத்தால் 1.5. மெக்னீசியம் 42.5ஐ 24.3ஆல் வகுத்தால் 1.75.

இங்கே இன்னொரு படி இருக்கிறது. கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் இரண்டிரண்டு கைகள், பைகார்பனேட்டுக்கு ஒரே கை. ஒரு கால்சியம் இரண்டு பைகார்பனேட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கால்சியம், மெக்னீசியம் இரண்டின் எண்ணையும் இரண்டால் பெருக்க வேண்டும். கால்சியத்துக்கு 3, மெக்னீசியத்துக்கு 3.5, மொத்தம் 6.5. இப்படிக் கைக்கணக்காக மாற்றிய அளவைத்தான் ஆய்வுக்கூடங்கள் மில்லி சமானம் என்று எழுதுகின்றன. சில ஆய்வுக்கூடங்கள் அறிக்கையிலேயே மில்லி சமானமாகக் கொடுத்துவிடும். அப்போது மறுபடி வகுக்கக் கூடாது. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் படிக்காமல் கணக்கில் இறங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ஒன்பது பைகார்பனேட்டில் ஆறரையைக் கால்சியமும் மெக்னீசியமும் பிடித்துக்கொண்டால் மிச்சம் 2.5. இந்த மிச்சத்துக்குப் பெயர் எஞ்சிய சோடியம் கார்பனேட், அறிக்கைகளில் ஆர்.எஸ்.சி. என்று இருக்கும்.

மேட்டுப் போருக்கும் அதே கணக்கு. 519ஐ 61ஆல் வகுத்தால் 8.5. கால்சியம் 30ஐ 40ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 1.5. மெக்னீசியம் 12ஐ 24.3ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 1. பிடித்துக்கொள்ள இருப்பது 2.5 மட்டுமே. மிச்சம் 6.

பாசன நீரில் ஆர்.எஸ்.சி. 1.25க்குள் இருந்தால் பயமில்லை. 1.25 முதல் 2.5 வரை என்றால் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 2.5க்கு மேல் போனால் அப்படியே பாய்ச்சக் கூடாது. வீட்டடிப் போர் அந்த எல்லைக் கோட்டில் நிற்கிறது. மேட்டுப் போர் இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது. அறிக்கையில் எல்லா எண்ணும் குறைவாக இருந்த போர்தான் நிலத்தைக் கெடுக்கும் போர்.

மிச்சம் என்றால் என்ன கெடுதல்? தண்ணீர் வயலில் காயும்போது கால்சியம் தன் பங்கு பைகார்பனேட்டோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான்; நிலத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கால்சியம் கிடைக்காத மிச்சப் பைகார்பனேட் சோடியத்தோடு சேர்ந்து நிற்கும். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கால்சியத்தையும் அது சுண்ணாம்பாக்கிவிட, களிமண் துகள்களில் அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். சோடியம் ஏறிய களிமண் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காமல் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் சேறாகும், காய்ந்தால் ஓடு போல் இறுகும். தண்ணீர் இறங்காது. கடலைக்கு இது இரட்டை நஷ்டம், ஏனென்றால் பூத்தபின் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். சில வருடம் போனால் அந்த நிலத்தைக் களர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைக் கிலோவில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். சோடியம் பைகார்பனேட் என்பது கடையில் விற்கும் ஆப்ப சோடாதான். அதன் மோல் எடை 84 கிராம். ஆர்.எஸ்.சி. 6 என்றால் லிட்டருக்கு 504 மில்லிகிராம் ஆப்ப சோடாவுக்குச் சமம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தண்ணீருக்கும் ஏக்கருக்கு 100 கிலோ ஆப்ப சோடா. வீட்டடிப் போரில் இதே கணக்கு 42 கிலோ வரும். அதுவும் கொஞ்சமில்லைதான், ஆனால் சமாளிக்கக் கூடியது.

மேட்டுப் போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதும் பருப்பு வேகுவதும் இதனால்தான். கால்சியமும் மெக்னீசியமும் குறைந்த தண்ணீரில் சோப்பு எளிதில் நுரைக்கும். பருப்பு வேக ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தப் போர் தண்ணீரில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. அடுப்படிக்கு இதமான தண்ணீர் வயலுக்கும் இதமாக இருக்கும் என்று நினைத்து மோசம் போனவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

இனி ஜிப்சம். மிச்சப் பைகார்பனேட்டைப் பிடிக்கக் கூடுதல் கால்சியம் வேண்டும், அதை மலிவாகக் கொடுப்பது ஜிப்சம்தான். ஜிப்சத்தின் மோல் எடை 172 கிராம். அதில் உள்ள கால்சியத்துக்கு இரண்டு கை என்பதால் ஒரு கைக்கு 86 கிராம். ஆக, லிட்டருக்கு ஒரு மில்லி சமானம் குறைக்க 86 மில்லிகிராம் சுத்த ஜிப்சம் தேவை.

வீட்டடிப் போரை 2.5லிருந்து 1.25க்குக் கொண்டுவர லிட்டருக்கு 107.5 மில்லிகிராம். இரண்டு லட்சம் லிட்டருக்கு 21.5 கிலோ. கடையில் கிடைக்கும் விவசாய ஜிப்சத்தின் குறைந்தபட்சத் தரம் 70 சதவீதம் என்பதால் 0.7ஆல் வகுக்க வேண்டும். 31 கிலோ வருகிறது. கடலைக்கு ஒன்பது தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்கு 279 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஆறு மூட்டைக்குள்.

மேட்டுப் போருக்கு 4.75 குறைக்க வேண்டும். ஒரு தண்ணீருக்கு 117 கிலோ, ஒன்பது தண்ணீருக்கு 1,053 கிலோ. ஏக்கருக்கு 21 மூட்டை, ஒவ்வொரு பட்டத்துக்கும். மோட்டாருக்கும் குழாய்க்கும் வைத்த நகைக்கு வட்டி கட்டிக்கொண்டே இந்த ஜிப்சத்தையும் வாங்க வேண்டும். இந்த வாசகருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: மேட்டுப் போருக்கு இப்போது மோட்டார் வேண்டாம், நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

வீட்டடிப் போருக்குத் தேவையான ஆறு மூட்டையைக் கடைசி உழவில் பொடியாகத் தூவி மேல் மண்ணோடு கலந்துவிடலாம். கடலையில் 40, 45ஆம் நாளில் மண் அணைக்கும்போது காய் பிடிக்க ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவது தனி. அதை இதில் கழித்துக்கொள்ளக் கூடாது. ஆர்.எஸ்.சி. அதிகமுள்ள வேறு வழியில்லாத விவசாயிகள், மோட்டார் தண்ணீர் விழும் இடத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, அதில் ஜிப்சக் கட்டிகளைப் போட்டு, அவற்றின் ஊடாகத் தண்ணீரை ஓடவிடலாம். ஓடும் தண்ணீரில் லிட்டருக்கு 3 முதல் 8 மில்லி சமானம் வரை கரையும். சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த வழிக்குப் போக வேண்டாம். சுண்ணாம்பு படிந்து சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும்; அவர்கள் வேளாண் பொறியியல் துறையிலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுச் செய்வது நல்லது.

கொழுந்து மஞ்சளானதற்கு மோட்டாரை மாற்றினாலும் தீர்வு கிடைத்திருக்காது. இரண்டு போரிலும் பைகார்பனேட் ஏறக்குறைய ஒரே அளவுதான்; அது அதிகமானால் வேர் இரும்புச் சத்தை எடுக்கத் திணறும். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறைபாடு. பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி கலந்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் மண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். கார அமில நிலை 8.5ஐத் தாண்டியிருந்தால் மண்ணுக்கே தனியாக ஜிப்சத் தேவை இருக்கும்; அந்த அளவை ஆய்வுக்கூடம் எழுதித் தரும். அப்படிப்பட்ட நிலத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், நெல் என்றால் அதே வட்டாரத்தில் நாவலூர் குட்டப்பட்டு அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் ரகங்களை எடுப்பதும் கைகொடுக்கும். மின் கடத்துதிறன் அதிகமாக இருக்கும் உவர் தண்ணீருக்கு மட்டும் ஜிப்சம் மருந்தில்லை. அங்கே அது இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்ப்பதாகவே முடியும். பண்ணைக்குட்டையில் மழைநீரைப் பிடித்து, போர் தண்ணீரோடு கலந்து பாய்ச்ச முடிந்தால் இரண்டு வகைத் தண்ணீருக்கும் நல்லது.

தண்ணீர் மாதிரி எடுப்பதில் அசட்டை கூடாது. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் கழுத்துவரை நிரப்பி, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் பைகார்பனேட் அளவே மாறிப்போகும்.

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடையில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள், விலையும் வேறு வேறு. எதை வாங்குவது?

இரண்டுமே சிங்க் சல்பேட்தான். ஒன்றில் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஏழு தண்ணீர் ஒட்டியிருக்கும், மற்றதில் ஒரு தண்ணீர்தான். சிங்க்கின் மோல் எடை 65.4 கிராம். ஏழு தண்ணீர் வகையின் முழு எடை 287.5 கிராம், ஒரு தண்ணீர் வகைக்கு 179.4 கிராம். அதனால்தான் முதல் வகைப் பையில் சிங்க் 21 சதவீதம் என்றும், இரண்டாவதில் 33 சதவீதம் என்றும் போட்டிருக்கும். பத்து கிலோ என்ற சிபாரிசு 21 சதவீத வகைக்கு. அதில் பயிருக்குக் கிடைக்கும் சிங்க் 2.1 கிலோ. அதே 2.1 கிலோவுக்கு 33 சதவீத வகை 6.4 கிலோ போதும். ஒரு கிலோ விலையைப் பார்க்காமல், விலையைச் சதவீதத்தால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும். இரண்டில் எதை வாங்கினாலும் டி.ஏ.பி.யோடு கலந்து போட வேண்டாம். மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவுவதே சரி.

விழுப்புரம் மாவட்ட வாசகர் ஒருவர், யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம் என்றால் மீதி 54 சதவீதம் கலப்படமா என்று கோபமாகக் கேட்டிருக்கிறார். கலப்படம் இல்லை. யூரியாவின் ஒரு மோல் 60 கிராம். அதில் தழைச்சத்தாகிய நைட்ரஜன் 28 கிராம். மீதி 32 கிராம் கார்பனும் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும். அவை இல்லாமல் யூரியா என்ற பொருளே இல்லை. 28ஐ 60ஆல் வகுத்தால் 46.6 சதவீதம், எவ்வளவு சுத்தமான யூரியாவிலும் இதற்கு மேல் தழைச்சத்து இருக்க முடியாது. இப்போதைய 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. பழைய 50 கிலோ மூட்டைக் கணக்கிலேயே இன்னும் மூட்டைகளை எண்ணிப் போடுபவர்கள், மூட்டைக்கு 2.3 கிலோ குறைவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.